குச்சி சொன்ன பொய்

கேள்வி: கோகோ இல்லாத பிரவுனிதானே பிளாண்டி என்று எண்ணி வீட்டில் செய்து பார்த்தேன். பழுப்புச் சர்க்கரை கைவசம் இல்லாததால் வெள்ளைச் சர்க்கரையைப் போட்டேன். 175 டிகிரியில் 25 நிமிடம் என்று செய்முறையில் இருந்தது; ஆனால் குத்திப் பார்த்த குச்சியில் மாவு ஒட்டியதால் 40 நிமிடம் வரை விட்டேன். ஆறியதும் பலகையாகிவிட்டது. அடுத்த முறை, ஓவனிலிருந்து எடுத்த சூட்டிலேயே கேரமல் சாஸை ஊற்றினேன். மேல்பகுதி சொதசொதவென்று ஆனது. ஓரங்கள் அதே பலகைதான். மிச்சமிருந்த சாஸும் மறுநாள் மணல்போல் பூத்துவிட்டது. செய்முறையில் கோளாறா? சாஸின் அளவைக் கூட்ட வேண்டுமா? மீந்த துண்டுகளை என்ன செய்வது?

பதில்: கூடம் கோணலாக இல்லை, செய்முறை உங்களுக்குச் சரியான நேரத்தைத்தான் சொல்லியிருக்கிறது. அதை நம்பாமல் ஒரு குச்சியை நம்பினீர்கள். குத்திய குச்சி சுத்தமாக வெளிவர வேண்டும் என்பது கேக்குக்கு உரிய விதி. பிளாண்டியில் குச்சி சுத்தமாக வந்துவிட்டால், அது வெந்துவிட்டது என்று பொருளல்ல, வேக வேண்டிய அளவைத் தாண்டிவிட்டது என்று பொருள். ஈரமான பருக்கைகள் இரண்டு மூன்று குச்சியில் ஒட்டியிருக்கும்போதே தட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். ஏனெனில் தட்டின் சூடு அடுத்த பத்து நிமிடங்களுக்கு உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கும். கண்ணாடித் தட்டு என்றால் இன்னும் கூடுதலாகவே செய்யும்.

குச்சியைவிடக் கண் நம்பகமானது. இருபதாவது நிமிடத்தில் ஓவன் விளக்கைப் போட்டுப் பாருங்கள். ஓரங்கள் தட்டின் சுவரை விட்டு ஒரு நூல் விலகியிருக்கும். மேலே மெல்லிய பளபளப்பான தோல் படர்ந்து, அதில் சிறு சுருக்கங்கள் விழத் தொடங்கியிருக்கும். நடுப்பகுதியை விரல் நுனியால் தொட்டால் லேசான பள்ளம் விழுந்து நிற்கும்; ஆனால் தட்டை அசைத்தால் திரவம்போல் தளும்பாது. அதுதான் பதம். வெந்ததா என்று உங்களுக்குச் சந்தேகம் எழும் அந்த நிமிடமே எடுக்க வேண்டிய நிமிடம்.

இனி, நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன சர்க்கரை விஷயத்துக்கு வருகிறேன், பாதிக் குற்றம் அங்கேதான் இருக்கிறது. பிரவுனிக்குச் சுவை தருவது கோகோ. பிளாண்டிக்குச் சுவை தருவது பழுப்புச் சர்க்கரை. அதை எடுத்துவிட்டு வெள்ளைச் சர்க்கரையைப் போடுவது, கோகோ இல்லாமல் பிரவுனி செய்வதற்கு ஒப்பானது. பழுப்புச் சர்க்கரையில் ஒட்டியிருக்கும் மொலாசஸ்தான், அதாவது கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்தபின் மிஞ்சும் கரிய பாகுதான், அந்த லேசான கசப்பையும் புளிப்பையும் தருகிறது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆறிய பிறகும் துண்டை மெத்தென்று வைத்திருப்பதும் அதுவே. வெள்ளைச் சர்க்கரையோ ஆறும்போது மொறுமொறுப்பாக இறுகும். கைவசம் பழுப்புச் சர்க்கரை இல்லையென்றால், 200 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டி மொலாசஸைப் பிசறிக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் அன்றைக்கு வேறு ஏதாவது செய்யலாம். பிளாண்டி செய்தே தீர வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

எட்டு அங்குலச் சதுரத் தட்டுக்கு 115 கிராம் வெண்ணெய், 200 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி வெனிலா, 125 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டிக்குக் குறையாத உப்பு ஆகியவை போதும். மைதாவை எடை போட்டு எடுங்கள். கோப்பையை மாவு டப்பாவுக்குள் அழுத்தி முகந்தால் 125 கிராம் என்பது எளிதாக 150 ஆகிவிடும்; ஐந்தில் ஒரு பங்கு மாவு கூடிய பிளாண்டியை எந்த ஓவனாலும் காப்பாற்ற முடியாது. மாவைச் சேர்த்த பிறகு வெள்ளைக் கோடுகள் மறையும்வரை கிளறினால் போதும்.

கோகோ இல்லாத இடத்தில் வெண்ணெயின் மணம் தனித்துத் தெரியும் என்பதால், அதை வெறுமனே உருக்குவதோடு நிறுத்தாமல் சிவக்க விடுவது நல்லது. நடுத்தரத் தீயில் வைத்தால் முதலில் சடசடவென்று சத்தம் வரும். அது வெண்ணெயில் இருக்கும் தண்ணீர் வெளியேறும் சத்தம். சத்தம் அடங்கியதும் நுரை எழும். நுரையை விலக்கிப் பார்த்தால் அடியில் பழுப்புப் பொடிகள் தெரியும், வறுத்த கொட்டைகளின் வாசனை வரும். அந்தக் கணமே வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிடுங்கள். அதே பாத்திரத்தில் விட்டால் அரை நிமிடத்தில் கருகிவிடும். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அது ஆவியாகப் போய்விட்டதால் ஈடாக ஒரு மேசைக்கரண்டிப் பால் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டையை உடைத்து ஊற்றுவதற்கு முன் வெண்ணெய் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனாலும் உங்கள் அவசரத்தைப் பார்த்தபின் சொல்லிவைக்கத் தோன்றுகிறது.

சாஸின் அளவைக் கூட்டலாமா என்கிறீர்கள். கூடாது. காய்ந்துபோன மாவுப்பண்டத்தின் மேல் எவ்வளவு ஊற்றினாலும், மேலே உள்ள அரை அங்குலம் ஊறுமே தவிர, இறுகிய ஓரம் இளகாது. சூடான பிளாண்டியின் மேல் சூடான சாஸை ஊற்றினால் அது நீர்போல் உள்ளே இறங்கிவிடும். உங்கள் சொதசொதப்புக்குக் காரணம் அதுதான். பிளாண்டி முழுமையாக ஆறுவதற்கு ஒரு மணி நேரமாவது கொடுத்து, வெட்டித் தட்டில் வைத்த பிறகு, வெதுவெதுப்பான சாஸை ஒரு துண்டுக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போகாமல் விடுங்கள். கணக்குப் போட்டும் பார்க்கலாம்: மேற்சொன்ன அளவைப் பதினாறு துண்டாக்கினால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 12 கிராம் சர்க்கரை, அந்த ஒரு கரண்டிச் சாஸில் இன்னும் ஒரு 10 கிராம். இதற்கு மேலும் ஊற்றினால் நாவுக்கு இனிப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அப்படியானால் சாஸ் எதற்கு? கசப்புக்கும் உப்புக்கும். 200 கிராம் வெள்ளைச் சர்க்கரையைக் கால் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க விடுங்கள். பொன்னிறத்தில் பயந்து இறக்கிவிடாமல், ஏறத்தாழ 175 டிகிரியில், தேன் நிறம் தாண்டிச் செம்பு நிறம் ஏறும்வரை பொறுத்திருங்கள். லேசாகப் புகை எழுந்ததும் அடுப்பை அணைத்து, 120 மில்லி கிரீமைச் சுடவைத்துச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். பொங்கி எழும் என்பதால் ஆழமான பாத்திரம் தேவை, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்வதும் தேவை. பிறகு 60 கிராம் வெண்ணெயும், நாவில் துலக்கமாகத் தெரியும் அளவு உப்பும் சேர்த்தால் முடிந்தது. சூட்டில் நீர்த்திருப்பதைக் கண்டு மறுபடி கொதிக்க வைக்காதீர்கள். ஆறும்போது தானே கெட்டிப்படும்.

உங்கள் சாஸ் பூத்ததற்குக் காரணம், பாகு கொதிக்கும்போது கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்திருப்பீர்கள். பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய கரையாத மணி ஒன்று உள்ளே விழுந்தால் போதும், மற்றவை அதைப் பற்றிக்கொண்டு மணியாகத் திரளும். சர்க்கரை கரைந்த பிறகு கரண்டியை எடுத்துவிடுங்கள். தொடக்கத்தில் இரண்டு நிமிடம் மூடி வைத்தால் நீராவியே சுவரைக் கழுவிவிடும். சில சொட்டு எலுமிச்சைச் சாறும் பூக்காமல் தடுக்கும். பூத்துவிட்ட சாஸைக் கொட்ட வேண்டாம். மூன்று கரண்டித் தண்ணீர் விட்டுச் சிறுதீயில் மணிகள் கரையும்வரை சூடாக்கினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மீந்த பலகைத் துண்டுகளுக்கும் அந்தச் சாஸ்தான் வழி. துண்டுகளைக் கையால் நொறுக்கி, தாழ்ந்த சூட்டில் பத்து நிமிடம் வைத்து இன்னும் மொறுமொறுப்பாக்கி, வெனிலா ஐஸ்கிரீமின் மேல் தூவி, மீட்டெடுத்த சாஸை அதன்மேல் விடுங்கள். அங்கே மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம், நான் தடுக்கவில்லை.