கேளுங்க சொல்றோம்: பழைய மைப் படத்துல தானதர்மம்

கேள்வி: மகள் ஓ.எல். பரீட்சைக்கு சித்திரப் பாடம் எடுத்திருக்கா. அவ கொப்பியில ஒட்டியிருக்கிற படத்துல ஒரு பொம்பளை தலையில பறவையோட நிக்கிறா, சுத்தி ஒரே சனம். என்ன படம் இது?
- வாசகி, தலவாக்கலை

பதில்: அது பீட்டர் புரூகல்ங்கிற ஓவியர் 1559ல பேனாவாலயும் பிரவுன் மையாலயும் வரைஞ்சது தங்கச்சி, ஒரிஜினல் நெதர்லாந்துல ரொட்டர்டாம் மியூசியத்துல இருக்கு. நடுவுல நிக்கிறவதான் கருணை, கையில எரியுற இதயம், தலையில பெலிக்கன் பறவை, அது தன் நெஞ்சைக் கொத்தி ரத்தத்தை குஞ்சுக்கு ஊட்டும்னு அந்தக் காலத்து நம்பிக்கை. ஆனா மகளை அவளைப் பாக்க விடாதீங்க, சுத்தி நடக்கிறதைப் பாக்கச் சொல்லுங்க. பாண் குடுக்கிறாங்க, தண்ணி குடுக்கிறாங்க, துணி உடுத்தி விடுறாங்க, கட்டையில கால் மாட்டிக் கிடக்கிற கைதியைப் பாக்கப் போறாங்க, நோயாளிகிட்ட இருக்காங்க, வழிப்போக்கனுக்கு இடம் குடுக்கிறாங்க, தூரத்துல பொணம் அடக்கம் பண்றாங்க, மொத்தம் 7 காரியம். முதல் 6ம் பைபிள்ல மத்தேயு 25ல இருக்கு, அடக்கம் பண்றது தோபித்துங்கிறவர் கதையில இருந்து வந்து சேந்தது. எல்லாம் ஒரே தெருவுல, ஒரே நேரத்துல, யாரும் யாரையும் கும்பிட்டுக்கிட்டு நிக்கல, அதுதான் எனக்குப் புடிச்சது. இதை வச்சு அடிச்ச அச்சுப் படத்துக்கு அடியில லத்தீன்ல ஒரு வரி இருக்கும், அடுத்தவனுக்கு வந்தது உனக்கும் வரும்னு நெனைச்சுக்க, அப்பத்தான் உதவி செய்ய எழும்புவன்னு அர்த்தம்.

கேள்வி: ரெம்பிராண்டும் பிச்சைக்காரங்களை நிறைய வரைஞ்சாராமே?
- வாசகர், பண்டாரவளை

பதில்: ஆமா, ஆனா நீங்க கேக்கிறது செப்புத்தகட்டுல அமிலத்தால அரிச்சு அச்செடுத்த படமா இருக்கும். 1648ல செஞ்ச ஒண்ணு போதும். ஒரு கிழவர் வீட்டு வாசல்ல நின்னு காசு குடுக்கிறார், வெளியில முதுகுல புள்ளையோட ஒரு அம்மா, ஒரு பையன், வாத்தியம் வாசிக்கிற கண்ணு தெரியாத கிழவன். கதவு பாதிக் கதவு, மேல்பாதி மட்டும் தொறந்திருக்கு. கிழவர் முகத்துல இரக்கம் இருக்கு, ஆனா கீழ்ப்பாதியைத் தொறக்கல பாருங்க. புரூகலை விட இது உண்மைன்னு எனக்குப் படுது, குடுக்கிற நம்மாளுங்க முக்கால்வாசி இப்படித்தானே.

கேள்வி: நம்ம தோட்டத்து பழைய படங்கள்ல தொரை அரிசி குடுக்கிற மாதிரி வருதே, அதுவும் தர்மம்தானா?
- வாசகர், ஹட்டன்

பதில்: இல்லண்ணே. தோட்டத்துல குடுத்த அரிசி சம்பளத்துல கழிச்ச அரிசி, அதை தர்மக் கணக்குல எழுத முடியாது. நம்ம பாட்டன் பூட்டன் சம்பந்தப்பட்ட நெசமான நிவாரணப் படம் வேணும்னா 1877ல லண்டன் பத்திரிகையில வந்த மதராஸ் பஞ்சப் படங்களைப் பாருங்க, பெல்லாரியில நிவாரணம் குடுக்கிறதும் அதுல ஒண்ணு. அந்தப் பஞ்சத்துலதான் நிறையப் பேர் கடல் தாண்டி கண்டிச் சீமைக்கு, நம்ம மலையகத்துக்கு வந்தாங்க. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு 1 இறாத்தல் அரிசின்னு, பஞ்சத்தைப் பாக்க அரசாங்கம் அனுப்பின அதிகாரி டெம்பிள் தொரை கொறைச்சது அந்த வருஷம்தான், படத்தைப் பாத்தா அது எங்க தெரியப் போகுது!

கேள்வி: பழைய மை ஏன் பிரவுனா இருக்கு? வீட்டுல செய்யலாமா?
- மாணவி, நுவரெலியா

பதில்: நிறைய மை முதல்ல கருப்பாத்தான் இருந்துச்சும்மா. மாசிக்காய்னு சொல்ற, ஓக் மரத்துல பூச்சி முட்டையிட்டு வர்ற முண்டுல இருக்கிற துவர்ப்புச் சத்தையும் இரும்பு உப்பையும் சேத்து செஞ்சது, காலம் போகப் போக பிரவுனாயிடும், சிலது கடதாசியையே தின்னுடும். நம்மகிட்ட தேயிலை இருக்கே, அதுலயும் அந்தத் துவர்ப்பு உண்டு. தேயிலைச் சாயத்தை நல்லா கடுமையா காய்ச்சி துருப்புடிச்ச ஆணியைப் போட்டு சில நாள் வச்சா கருப்பு விழும், கொஞ்சம் வினாகிரி விட்டா சீக்கிரம். ஸ்கூல் யூனிபோர்மோட செய்யாதீங்க, பட்டா போகாது.