மலைப்பிரசங்கமும் ஹுதைபிய்யாவும்

அன்புள்ள ஐயா,

இயேசுவின் மலைப்பிரசங்கத்தில் மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன கிறிஸ்தவம் சமாதானத்தின் மதம் என்றும், நபிகளே போர்க்களத்தில் நின்றதால் இஸ்லாம் போரின் மதம் என்றும் நண்பர் ஒருவர் வாதிடுகிறார். சிலுவைப்போர்களைச் சொன்னால், அவை கிறிஸ்துவின் போதனைக்கு எதிரானவை என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

கிறிஸ்தவர்கள் செய்த போரைப் பிழை என்று ஒதுக்கிவிட்டு, முஸ்லிம்கள் செய்த போரை மட்டும் மதத்தின் இயல்பு என்று கொள்வது நியாயமான அளவுகோல் அல்ல. ஆனால் அவர் சுட்டும் வேறுபாட்டை மழுப்ப வேண்டியதில்லை. இயேசு ரோம ஆட்சியின் கீழ், அரசதிகாரம் ஏதுமின்றி வாழ்ந்தவர். நபிகள் நாயகம் மதீனாவில் ஒரு சமூகத்தையே வழிநடத்தும் பொறுப்பில் இருந்தவர். ஆகவே எப்போது போரிடலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற கேள்வியை இஸ்லாம் முதல் தலைமுறையிலேயே எதிர்கொண்டது. கிறிஸ்தவத்துக்கு அது, நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் ஆட்சியோடு உறவு ஏற்பட்ட பிறகே தவிர்க்க முடியாததாயிற்று.

295-இல், இன்றைய அல்ஜீரியாவின் தெபெஸ்ஸாவில், மாக்சிமிலியன் என்ற 21 வயது இளைஞர், தாம் கிறிஸ்தவர் என்பதால் படையில் சேர மாட்டேன் என்று மறுத்துக் கொல்லப்பட்டார். பேரரசர்களின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே என்று விசாரித்த ஆளுநர் அவரிடம் கேட்டார். அன்றே திருச்சபைக்குள் இரு போக்குகள் இருந்தன என்பதற்கு அதுவே சான்று. அதே நிலப்பகுதியில் பின்னர் ஆயராக இருந்த அகுஸ்தீன், சமாதானத்தை அடைவதற்காகவே போரிட வேண்டும் என்று 418-இல் ஒரு படைத்தலைவருக்குக் கடிதம் எழுதினார். 'நீதியான போர்' என்ற கோட்பாடு இத்தகைய சிந்தனையிலிருந்து வளர்ந்தது. பின்னாளில் மென்னோனைட்டுகள், குவேக்கர்கள் ஆகிய கிறிஸ்தவப் பிரிவினர், போரில் சேர மறுத்த மாக்சிமிலியனின் வழியையே தேர்ந்தார்கள்.

உங்களோடு போரிடுவோருடன் போரிடுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்கிறது குர்ஆன் (2:190). ஒன்பதாம் அத்தியாயத்தின் கடுமையான வசனங்களை, உடன்படிக்கையை முறித்தவர்களுக்கு மட்டும் உரியவை என வாசித்த அறிஞர்களும் உண்டு. முந்தைய வசனங்களை அவை மாற்றிவிட்டன என்று கொண்டவர்களும் உண்டு. அந்த விவாதத்தை மறைத்து இஸ்லாத்துக்காக வாதாடுவது நேர்மையாகாது.

ஆனால் உங்கள் நண்பர் 628-இல் மக்காவுக்கு அருகே ஹுதைபிய்யா என்ற இடத்தில் நடந்த உடன்படிக்கையையும் படிக்க வேண்டும். உம்ரா என்ற புனிதப் பயணத்துக்காக ஏறத்தாழ 1400 பேருடன் வந்த நபிகளை மக்காவினர் ஊருக்குள் விட மறுத்தார்கள். ஒப்பந்தம் எழுதும்போது 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லை ஏற்க மாட்டோம் என்று மக்காவின் தூதரான சுஹைல் அடம்பிடித்தார். ஒப்பந்தத்தை எழுதிய, நபிகளின் மருமகன் அலீக்கு அதை அழிக்க மனம் வராதபோது நபிகளே அழித்தார்கள். மக்காவிலிருந்து தப்பி வருவோரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. அந்த நேரத்தில் சுஹைலின் மகன் அபூ ஜந்தல் கால்விலங்கு பூட்டப்பட்டவராய் அடைக்கலம் தேடி வந்து நின்றார்; அவரும் திருப்பி அனுப்பப்பட்டார். இது அவமானமல்லவா என்று நபித்தோழர் உமரே கேட்டார். நம்முடைய உரிமை, நம்முடைய பட்டம், நம்மவரின் கண்ணீர் ஆகிய மூன்றையும் பொறுத்துக்கொண்டு வாங்கிய சமாதானம் அது. குர்ஆனுக்கு விளக்கம் எழுதிய பெரும்பாலான அறிஞர்களின் கருத்துப்படி குர்ஆன் 'தெளிவான வெற்றி' என்று சொல்வது இதைத்தான்.

நம் காலத்தில், நைஜீரியாவின் கதூனா மாநிலத்தில் இமாம் முஹம்மது அஷஃபாவும் பாதிரியார் ஜேம்ஸ் வூயேயும் எதிரெதிர் ஆயுதக் குழுக்களில் இருந்தவர்கள். 1992 கலவரத்தில் வூயே தம் வலது கையையும், அஷஃபா தம் ஆசிரியரையும் உறவினர் இருவரையும் இழந்தார்கள். 1995-இல் அந்த இருவரும் சேர்ந்துதான், இரு சமூகங்களுக்கும் இடையே சமரசம் செய்யும் மையத்தைத் தொடங்கினார்கள்.