சிபிஇ மீட்டிங்ல யார்கிட்ட எப்படி பேசறது?

கேள்வி: சார், சிஏ முடிச்சு திருப்பூர்ல தனியா பிராக்டிஸ் ஆரம்பிச்சிருக்கேன். சிஏ இன்ஸ்டிட்யூட்டோட பிராஞ்ச்ல நடக்கற சிபிஇ மீட்டிங் (சிஏக்களுக்கான தொடர் கல்விக் கூட்டம்) எல்லாத்துக்கும் போறேன், ஆனா டீ டைம்ல போனை நோண்டிக்கிட்டு ஓரமா நின்னுட்டு வந்துடறேன். வேலை கேட்டா ரூல்ஸ்படி தப்பாயிடுமோன்னு பயமாவும் இருக்கு. - ஒரு வாசகி

பதில்: அந்த பயத்தை முதல்ல விடுங்கம்மா. 1949 சிஏ சட்டத்தோட முதல் அட்டவணை, முதல் பகுதி, 6-வது பிரிவு கிளையன்ட்டைத் தேடிப்போய் வேலை பிடிக்கக்கூடாதுன்னு சொல்லுது, வாஸ்தவம்தான், ஆனா பிராக்டிஸ்ல இருக்கற இன்னொரு சிஏகிட்ட தாராளமா கேக்கலாம்னும் அதே பிரிவுலயே இருக்கு, அதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. அப்போ நீங்க தைரியமா வாய் திறக்க வேண்டிய இடமே அந்த ஹால்தான்.

அரை மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. நாலு சீனியர் வட்டமா நின்னு பேசிட்டிருந்தா நடுவுல நுழையறது கஷ்டம், தனியா டீ குடிச்சிட்டிருக்கறவர்கிட்ட போங்க. "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க சார்"னு மட்டும் சொல்லாதீங்க, அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. "ஆர்ட்டிகிள்ஷிப் ட்ரெயினிங்ல பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டி ரீஃபண்ட் ஃபைல் பண்ணிருக்கேன் சார், எல்யூடில (வரி கட்டாம ஏற்றுமதி பண்ண கொடுக்கற உறுதிமொழி) அனுப்பினவங்களோட ஐடிசி (வாங்கின சரக்குக்கு ஏற்கனவே கட்டின ஜிஎஸ்டி) ரீஃபண்ட் ஏதாவது உங்க ஆபீஸ்ல தேங்கி நின்னா நான் பாத்துத் தர்றேன்"னு சொல்லிப் பாருங்க, திருப்பூர்ல அந்த வேலை இல்லாத ஆபீஸ் ரொம்பக் கம்மி, அவருக்கு உடனே ஒரு ஃபைல் கண்ணு முன்னாடி வரும். இதையும் ஜூன், ஜூலைலயே கேட்டுடுங்க, செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் கெடு நெருங்கிட்டா அவங்களுக்குத் தலை நிமிர நேரமிருக்காது, புதுசா ஒருத்தருக்கு வேலை சொல்லித்தர எங்க முடியும்?

விசிட்டிங் கார்டை எல்லார் கைலயும் திணிக்க வேண்டாம். பேசினதுல ரெண்டு பேருக்கு மறுநாள் காலைல வாட்ஸ்அப்ல ரெண்டு வரி போட்டா போதும், அதுவும் வெறும் குட்மார்னிங் இல்ல, பேசின விஷயத்தைப் பத்தி. பிராஞ்ச்ல ஸ்பீக்கரை அறிமுகப்படுத்தவோ நன்றியுரை சொல்லவோ ஆள் தேடினா நான் பண்றேன்னு கை தூக்குங்க, மொத்த ஹாலுக்கும் உங்க பேர் தெரிஞ்சுடும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன், வேலை கொடுத்த சீனியரோட கிளையன்ட்டை நைசா உங்க பக்கம் இழுக்கவே கூடாது, இந்த ஊர்ல அது ஒரே வாரத்துல எல்லாருக்கும் தெரிஞ்சுடும், அப்புறம் ஒருத்தரும் ஃபைல் தர மாட்டாங்க. ஃபீஸ் எவ்வளவு, எப்போ வரும்னு வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டு வாட்ஸ்அப்ல ஒரு வரி வாங்கிடுங்க, சீனியராச்சேன்னு தயங்காதீங்க.