அமெரிக்காவில் சரக்கு புரோக்கர் ஆக எந்தப் பயிற்சி எடுக்க வேண்டும்?

"வேலை அனுமதியோடு அமெரிக்காவில் இருக்கிறேன். சரக்கு புரோக்கர் தொழிலுக்கு வர விரும்புகிறேன். சான்றிதழ் கட்டாயமா? ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரக்கு புரோக்கர் என்றால் சரக்கு அனுப்புகிறவருக்கு லாரி பிடித்துக் கொடுத்து, இடையில் உள்ள வித்தியாசத்தில் சம்பாதிக்கிறவர். அதற்குச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. வகுப்புக்குக் கட்டும் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு புரோக்கர் நிறுவனத்தில் ஓராண்டாவது சம்பளத்துக்கு வேலை பாருங்கள். அங்கேயும் வாடிக்கையாளர் பிடிக்கும் பிரிவைவிட, லோடுக்கு லாரி பிடிக்கும் மேசையைக் கேட்டு வாங்குங்கள். நானும் அந்த மேசையில் தொடங்கியவன். இப்போது புதிதாக வருகிறவர்களைப் பழக்குவதும் என் பொறுப்பு. நான் பார்த்தவரை, இந்தத் தொழிலில் நிலைத்தவர்களில் பெரும்பாலோர் அந்த வழியாக வந்தவர்களே.

முதலில் உரிமத்தைப் பற்றி. அதைக் கொடுப்பது மத்திய அரசின் மோட்டார் சரக்குப் பாதுகாப்பு நிர்வாகமான எஃப்எம்சிஎஸ்ஏ. விண்ணப்பக் கட்டணம் 300 டாலர். 75,000 டாலருக்கு உத்தரவாதப் பத்திரமோ டிரஸ்ட் நிதியோ காட்ட வேண்டும். 2013 அக்டோபருக்கு முன் இது 10,000 டாலராகத்தான் இருந்தது. முழுத் தொகையையும் கையிலிருந்து போட வேண்டியதில்லை; பத்திரம் தரும் ஜாமீன் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் ஒரு கட்டணம் செலுத்தினால் போதும், அது உங்கள் கிரெடிட் ஸ்கோரைப் பொறுத்தது. வழக்கு அறிவிப்புகளைப் பெற்றுக்கொள்ள மாநிலந்தோறும் ஒரு முகவரை நியமித்துப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அவ்வளவுதான். 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தில், புரோக்கர் நிறுவனத்தின் அதிகாரி ஒருவருக்கு 3 ஆண்டு அனுபவமோ விதிகளும் தொழில் வழக்கமும் தெரிந்ததற்கான சான்றோ இருக்க வேண்டும் என்று ஒரு வரி உண்டு. ஆனால் அதற்காகத் தேர்வு எதுவும் நடத்தப்படுவதில்லை.

ஆகவே காகித வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். என் கவலையே அங்கேதான் தொடங்குகிறது. உரிமம் கிடைத்த கையோடு தொழில் தெரிந்துவிட்டதாக நினைத்து இறங்குகிறவர்களைப் பணம் முதலில் மடக்குகிறது. ஒரு லோடுக்குச் சரக்கு அனுப்புகிறவர் 2,000 டாலர் தருகிறார், லாரிக்காரருக்கு 1,700 என்று வைத்துக்கொள்வோம். 300 டாலர் உங்களுக்கு. ஆனால் அனுப்புகிறவர் 45 நாள் கழித்துத்தான் பணம் தருவார். லாரிக்காரருக்கு 30 நாளில் கொடுத்தாக வேண்டும். வாரத்துக்கு 10 லோடு ஓடினால், இடையில் உள்ள 15 நாளுக்கு மட்டும் 30,000 டாலருக்கு மேல் உங்கள் கையிலிருந்து போயிருக்கும். வியாபாரம் பெருகப் பெருக இந்தப் பள்ளமும் பெருகும். சம்பளத்துக்கு இருக்கும்போது இந்தச் சுமை முதலாளியுடையது. நீங்கள் தொழிலை மட்டும் கற்கலாம்.

அப்படிக் கற்க வேண்டியது என்ன? ஓட்டுநரின் நேரம்தான் முதல் பாடம். புதியவர்களுக்கு நான் கொடுக்கும் கணக்கு இது: திங்கட்கிழமை மாலை 3 மணிக்கு டாலஸில் ஏற்றி, செவ்வாய் காலை 8 மணிக்கு அட்லாண்டாவில் இறக்க வேண்டும். தூரம் ஏறக்குறைய 780 மைல். 17 மணி நேரம் இருக்கிறதே, போதும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அட்லாண்டா கடிகாரம் டாலஸைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, எனவே இருப்பது 16. சராசரியாக 55 மைல் வேகம் என்றால் ஓட்டுவதற்கே 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓர் ஓட்டுநர் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அதுவும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். பிறகு 10 மணி நேரம் ஓய்வு. அவர் அன்று காலையிலேயே வேறொரு சரக்கை இறக்கிவிட்டு வந்திருந்தால் மிச்சம் இன்னும் குறைவு. ஆக, இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டும் லாரி வேண்டும், அல்லது இறக்கும் நேரத்தைப் புதன்கிழமைக்கு மாற்றச் சொல்லி அனுப்புகிறவரிடம் கேட்க வேண்டும். வாய்ப்பில்லாத நேரத்தை ஒப்புக்கொண்டு, ஓட்டுநரை விதியை மீறச் சொல்லி நெருக்கும் புரோக்கர் சாலையில் போகும் எல்லோருக்கும் ஆபத்தை உண்டாக்குகிறார். இதை நான் மிகக் கடுமையாகவே சொல்லிக் கொடுக்கிறேன்.

அடுத்தது ஆள் மாறாட்டம். இன்றைக்கு இதைவிட முக்கியமான பாடம் இல்லை. உண்மையான ஒரு லாரி நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் சொல்லி ஒருவர் லோடை வாங்குவார். அதையே லோடு போர்டில், அதாவது லோடுகளை விளம்பரம் செய்யும் இணையச் சந்தையில், வேறொரு லாரிக்காரருக்குத் தள்ளிவிடுவார். சரக்கு சேர்ந்ததும் உங்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார். உண்மையில் ஓட்டிப்போனவருக்கு டீசல் காசுகூடக் கிடைக்காது. சில சமயம் சரக்கே காணாமல் போய்விடும்.

இதைத் தடுக்கும் வேலை பொறுமையான வேலை. அழைத்தவர் சொன்ன டாட் எண்ணை, அதாவது லாரி நிறுவனத்தின் அரசுப் பதிவு எண்ணை, எஃப்எம்சிஎஸ்ஏவின் சேஃபர் என்ற இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே பதிவாகியுள்ள தொலைபேசி எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். உங்களை அழைத்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிடுவது சரிபார்ப்பு ஆகாது. மின்னஞ்சல் முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். இருபது லாரி ஓடுவதாகச் சொல்லும் நிறுவனத்துக்குக் கடந்த 24 மாதத்தில் சாலைச் சோதனை ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்றால் நிறுத்திக் கேளுங்கள். காப்பீட்டுச் சான்றிதழை லாரிக்காரரிடம் வாங்காமல் காப்பீட்டு முகவரிடமிருந்தே நேராக வரவழையுங்கள். கடைசியாக, சரக்கு ஏற்றும் இடத்தில் லாரிக் கதவைப் பார்க்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயரும் டாட் எண்ணும் வண்டியின் மேல் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. அது ரேட் கன்ஃபர்மேஷனில் (லோடுக்காக நீங்களும் லாரி நிறுவனமும் ஒப்புக்கொண்ட தாளில்) உள்ளதோடு பொருந்தாவிட்டால் ஒரு பெட்டிகூட ஏறக்கூடாது. இந்த ஒழுங்கு கைப்பழக்கம் ஆவதற்கு, பக்கத்து மேசையில் அனுபவசாலி ஒருவர் இருக்க வேண்டும். காணொலிப் பாடம் பார்த்து இது வராது.

சந்தை நிலவரம் தானாகவே பழகும். குளிர்காலத்தில் கீரை, லெட்டூஸ் விளைச்சல் கலிஃபோர்னியாவின் சலீனாஸிலிருந்து அரிசோனாவின் யூமாவுக்கு நகரும்போது குளிர்சாதன லாரிகளும் வாடகையும் கூடவே நகரும். ஓராண்டு முழுக்க மேசையில் இருந்தால் இப்படி ஒவ்வொரு பருவமும் உங்கள் கண்முன் ஒருமுறை கடந்து போகும். நான் ஓராண்டு என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மென்பொருளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இரண்டு வாரத்தில் கை வந்துவிடும்.

சட்டத்தைக் காசு கொடுத்துப் படிக்க வேண்டியதில்லை. கூட்டாட்சி விதித்தொகுப்பின் 49-ஆம் தலைப்பில் 371-ஆம் பகுதி புரோக்கர்களுக்கானது. இணையத்தில் இலவசம், ஒரே மாலையில் படித்துவிடலாம். ஒவ்வொரு லோடின் கணக்கையும் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், அந்த லோடில் சம்பந்தப்பட்ட தரப்பினருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு, உங்களை லாரி நிறுவனம் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்பதெல்லாம் அதில்தான் இருக்கின்றன.

வகுப்பே கூடாது என்று சொல்லமாட்டேன். இந்தத் துறையின் சொற்கள் எதுவும் தெரியாமல் நேர்முகத் தேர்வுக்குப் போகத் தயங்குகிறவருக்கு விலை குறைந்த அறிமுக வகுப்பு துணிச்சல் தரும். புரோக்கர்களின் சங்கமான டிஐஏ நடத்தும் சிடிபி சான்றிதழுக்குத் தொழிலுக்குள் மதிப்பு உண்டு. வேலையில் சேர்ந்த பிறகு அதை எழுதுங்கள், படிப்பது புரியும். வீட்டிலிருந்தே முதல் மாதத்தில் பல்லாயிரம் டாலர் என்று விளம்பரம் செய்யும் வகுப்புகளின் பக்கம் போகவே வேண்டாம்.

வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: கமிஷன் எந்தத் தொகையைத் தாண்டிய பிறகு தொடங்குகிறது, வாடிக்கையாளர் பணம் தராவிட்டால் அது உங்கள் கமிஷனில் பிடிக்கப்படுமா, விலகினால் எத்தனை மாதத்துக்கு அதே வாடிக்கையாளர்களை அணுகக் கூடாது. மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்வியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பின்னாளில் சொந்த உரிமம் எடுக்கும்போது யாருக்கு நீங்கள் லோடு ஓட்ட முடியும் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.