ராகிக்கு மாறியும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) இருக்கிறோம். எனக்கு 44 வயது, சர்க்கரை வந்து ஒரு வருஷம் ஆகிறது. 78 வயதாகும் என் மாமியார், "நாங்க களி தின்னு வளர்ந்தவங்க, ஒரு மாத்திரை தொட்டதில்ல, அரிசி வந்துதான் எல்லாம் கெட்டுது" என்கிறார். அதனால் அரிசியை அடியோடு விட்டுவிட்டேன். காலையும் இரவும் சலித்த ராகி மாவில் வெல்லம் போட்டு இரண்டு டம்ளர் கஞ்சி, மதியம் சாமைச் சோறு, சாயங்காலம் டீயோடு இரண்டு வர்க்கி (மொறுமொறுவென்று இருக்கும் மைதா பண்டம்). 3 மாதம் கழித்துப் பார்த்தால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.4லிருந்து 7.6 ஆகியிருக்கிறது! மாத்திரையை நிறுத்திவிட்டு இன்னும் கண்டிப்பாகச் சிறுதானியத்துக்கே மாறிவிடலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. நெல்லைத் தீட்டத் தீட்ட தவிடும் முளையும் போய்விடும், பி1 வைட்டமினும் நார்ச்சத்தும் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. இதை ஆராய வேறெங்கும் போகவில்லை, உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் குன்னூர் பாஸ்டர் ஆய்வகத்தில் 1918இல் ஒற்றை அறையில், பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார் ராபர்ட் மெக்கரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். (அதுதான் வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. நம்ம மலைக்காரர்களுக்கே இது பாதிப் பேருக்குத் தெரியாது.) இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுவதை அப்படியே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று பஞ்சாபியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன, தீட்டிய அரிசியை நம்பிய மதராஸ் சாப்பாட்டு எலிகள் சோனியாய்ப் போயின. உடனே 'பாத்தீங்களா, அரிசி' என்று கிளம்பிவிட வேண்டாம். தட்டில் பாலும் பருப்பும் கீரையும் எவ்வளவு இருந்தது என்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

இப்போது உங்கள் டம்ளருக்கு வருவோம். ராகியை அரிசி மாதிரி தீட்டுவது கஷ்டம், அத்தனை சின்ன மணி, தோலும் ஒட்டிக்கிடக்கும். அதனால்தான் நம் ஆட்கள் தோலோடு அரைத்துத் தின்றார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள், சல்லடையில் போட்டுச் சலித்து அந்தத் தோலைக் குப்பையில் கொட்டிவிட்டு, மிச்ச மாவைக் கொழகொழவென்று காய்ச்சி, மேலே வெல்லத்தையும் போட்டு மெல்லாமல் குடிக்கிறீர்கள். அது ரத்தத்தில் ஏற எவ்வளவு நேரம் ஆகும்? ராகியில் சுண்ணாம்புச் சத்து 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் சுற்றி இருக்கிறது, அரிசியில் 10கூட வருவது கஷ்டம், அந்த வகையில் ராகிக்கு நிகரே கிடையாது. ஆனால் மாவுச்சத்து என்று பார்த்தால் ராகியில் 70 கிராம் அளவு, அரிசியில் 78. அவ்வளவுதான் வித்தியாசம்.

சாமையையும் ஒரு கைப்பிடி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைவெளேரென்று பளபளத்தால் அதையும் மெஷினில் தீட்டிவிட்டார்கள் என்று அர்த்தம், தீட்டாதது கொஞ்சம் மங்கலாக, பழுப்பு கலந்து இருக்கும், கையில் தேய்த்தால் லேசாக மாவு ஒட்டும், சீக்கிரம் காறலும் அடிக்கும். பாக்கெட்டில் 'சிறுதானியம்' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது.

வர்க்கியைப் பற்றி என்ன சொல்ல. அரிசியைத் துரத்திவிட்டு மைதாவை உட்காரவைத்திருக்கிறீர்கள். எனக்கும் பிடித்த பண்டம்தான், ஆனால் அது தினசரி இரண்டு என்றால் கணக்கில் வரும்.

மாமியாரின் அந்தக் காலத்துத் தட்டைக் கொஞ்சம் விசாரியுங்கள். களி உருண்டைக்குப் பக்கத்தில் அவரைக் குழம்பு இருந்திருக்கும், கீரை இருந்திருக்கும், எருமை வைத்திருந்த வீடு என்றால் மோரும் இருந்திருக்கும். சாப்பிட்ட கையோடு காட்டுக்கு ஏறி, கொத்தி, விறகு சுமந்து இறங்கியிருப்பார். அந்த வேலையை விட்டுவிட்டு அந்த ராகியை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு எப்படிச் சரியாகும்?

கஞ்சியை விட்டுக் களிக்குப் போங்கள், சலிக்காத மாவில், ஒரு ஆரஞ்சு அளவு உருண்டை. அவரையோ பீன்ஸோ கீரையோ அதைவிட அதிகமாக இருக்கட்டும், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் அதுவும். வெல்லம் வேண்டாம். அரிசி ஆசையாக இருந்தால் ஒரு வேளை, சின்னக் கிண்ணத்தில், புழுங்கலரிசி. வீட்டில் சோதனைக் கருவி இருந்தால் ஒரு நாள் களி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, இன்னொரு நாள் அதே நேரத்தில் அரிசி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். அந்தச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ அவர் பார்த்துச் சொல்லட்டும்.