தலைவனும் வீரனும்

கேள்வி: ஆங்கிலோ-சாக்சன் இலக்கியத்தில் தலைவனிடம் காட்டும் விசுவாசம் ஏன் அத்தனை உயர்வாகப் பேசப்படுகிறது? அது வெறும் அடிமைத்தனம்தானே? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: அடிமைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. இடைக்கால இங்கிலாந்தின் அந்தப் பழைய சமூகத்தில் தலைவனும் வீரனும் ஒருவருக்கொருவர் கடன்பட்டவர்கள். தலைவன் தன் மண்டபத்தில் விருந்தும் பொன் வளையமும் வாளும் குதிரையும் வழங்க, அவற்றைப் பெற்றவன் போர்க்களத்தில் அதற்கு ஈடு செய்தாக வேண்டும். கி.பி. 991-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், வைக்கிங்குகள் என்னும் வடநாட்டுக் கடற்கொள்ளையருடன் நடந்த மால்டன் போரைப் பாடும் கவிதை இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. தலைவன் பிர்ட்நாத் வெட்டுண்டு விழுந்ததும், காட்ரிக் என்பவன் தலைவனின் குதிரையிலேயே ஏறித் தப்பி ஓடுகிறான். தனக்குப் பல குதிரைகளைப் பரிசளித்தவனையே கைவிட்டான் என்பதைக் கவிஞர் மறவாமல் குறிப்பிடுகிறார். அந்தக் குதிரையைக் கண்டு, தலைவனே ஓடுகிறான் என்று பலரும் நம்பிவிட, அணி சிதறுகிறது. எஞ்சி நின்றவர்களுள் முதியவனான பிர்ட்வோல்ட், வலிமை குன்றக் குன்ற நெஞ்சுறுதி வளர வேண்டும் என்று முழங்கி, தலைவனின் அருகிலேயே மடியத் துணிகிறான். தோல்வியைப் பாடும் கவிதை இவ்வளவு நிமிர்ந்து நிற்பது என்னை இன்றும் நெகிழச் செய்கிறது. இதன் தொடக்கமும் முடிவும் கிடைக்கவில்லை. மூல ஏடு 1731-இல் தீ விபத்தில் அழிந்துபோக, முன்பே எடுத்திருந்த நகலால்தான் 325 அடிகள் நமக்கு மிஞ்சின.