லாரி ஒன்று, சீட்டு இரண்டு: எடை மேடை மென்பொருளில் என்ன நடக்கிறது?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணினி வேலை பார்க்கிறேன். எடை மேடை மென்பொருளும் என் தலையில்தான். எழுதியது சி ஷார்ப் மொழியில், திரைகள் வின்ஃபார்ம்ஸில். விலைக் கணக்கும் சீட்டு அச்சடிப்பும் மட்டும் முன்பு யாரோ விபி6-இல் (விஷுவல் பேசிக் 6, மைக்ரோசாஃப்டின் பழைய மொழி) எழுதிக் கொடுத்த டிஎல்எல்லில், அதாவது புரோகிராம் ஏற்றிக்கொள்ளும் தனிக் கோப்பில், இருக்கின்றன. அதன் சோர்ஸ் கோடு எங்களிடம் இல்லை. 'சீட்டு' பட்டனை அழுத்தியதும் திரை வெளிறிப்போய் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று காட்டும். காத்திருக்கும் கிளிக்குகளை நடுவிலேயே கவனிக்கச் சொல்லும் டூஈவன்ட்ஸ் சேர்த்தேன், திரை உறைவது நின்றது, ஆனால் சில லாரிகளுக்கு இரண்டு சீட்டு விழுகிறது. அதை எடுத்துவிட்டு, வேலையைப் பின்னணிக்குத் தள்ளும் டாஸ்க்.ரன்னுக்குள் போட்டுப் பார்த்தேன், மறுபடியும் உறைகிறது. இப்போது வாங்கிய புதுக் கணினியில் 80040154 என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. இரவு எக்ஸெல் அறிக்கையும் சில நாள் வருவதில்லை. தோத்தாபுரி வரத்து ஆரம்பித்துவிட்டது. எதைத் தொடலாம், எதை விடலாம்?

பதில்: புதுக் கணினியை முதலில் முடித்துவிடுவோம், ஐந்து நிமிட வேலை. 80040154 என்றால் 'கிளாஸ் பதிவாகவில்லை' என்று பொருள். உங்கள் டிஎல்எல் 32 பிட்; விபி6-க்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது. பழைய கணினியில் 32 பிட் விண்டோஸ் இருந்திருக்கும். புராஜெக்ட் 'எனி சிபியு' என்று விட்டிருந்தால், புதுக் கணினியில் உங்கள் புரோகிராம் 64 பிட்டாக ஓடக்கூடும். 64 பிட் புராசஸுக்குள் 32 பிட் டிஎல்எல்லை ஏற்றவே முடியாது. பில்டு அமைப்பில் பிளாட்ஃபார்மை எக்ஸ்86 என்று மாற்றுங்கள். பிறகு அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து, சிஸ்வாவ்64 ஃபோல்டரில் உள்ள ரெக்எஸ்விஆர்32-ஐக் கொண்டு டிஎல்எல்லைப் பதிவு செய்யுங்கள். 64 என்று பெயர் வைத்த ஃபோல்டரில் 32 பிட் கோப்புகள், சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் 64 பிட் கோப்புகள்! இந்தக் குழப்பத்துக்கு மைக்ரோசாஃப்டைத்தான் கேட்க வேண்டும். விபி6-ஐ எழுதப் பயன்படும் கருவிக்கு 2008 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துவிட்டது. ஆனால் அதில் எழுதியவை ஓடத் தேவையான ரன்டைம் இன்றும் விண்டோஸோடு வருகிறது. அதனால் டிஎல்எல்லைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

சரி, உறைவதற்கு வருவோம்.

விண்டோஸில் ஃபார்மை (உங்கள் திரையை) உருவாக்கிய த்ரெட்டுக்கு, அதாவது புரோகிராமுக்குள் ஓடும் ஒரு வேலை இழைக்கு, ஒரு மெசேஜ் க்யூ (செய்திகளின் வரிசை) உண்டு. மவுஸ் கிளிக், விசை அழுத்தம், 'உன்னை மறுபடி வரைந்துகொள்' என்ற உத்தரவு, டைமர் எல்லாம் இந்த த்ரெட்டுக்குத்தான் வருகின்றன. மெயின் மெத்தடில் இருக்கும் அப்ளிகேஷன்.ரன் செய்வது ஒரே வேலை: ஒரு மெசேஜை எடு, உரிய ஃபங்ஷனிடம் கொடு, அது திரும்பி வந்ததும் அடுத்ததை எடு. உங்கள் மேடை வாசலில் லாரிகள் நிற்பதைப் போலத்தான்: கூண்டில் இருப்பவர் ஒரு லாரியோடு பேச்சில் உட்கார்ந்துவிட்டால், பின்னால் எத்தனை வண்டி நின்றாலும் நகராது. பட்டன் கிளிக்குக்கு நீங்கள் எழுதிய ஃபங்ஷன் திரும்பி வராதவரை அடுத்த மெசேஜ் எடுக்கப்படாது. ஒரு விண்டோ 5 விநாடி வரை க்யூவைத் தொடாமல் இருந்தால் விண்டோஸ் அதைச் செயலிழந்ததாகக் கணக்கில் வைத்து, அதன் இடத்தில் வெளிறிய நகல் ஒன்றைக் காட்டுகிறது. நீங்கள் பார்ப்பது அந்த நகலைத்தான்.

நீங்கள் கோடை அனுப்பவில்லை. ஆனால் இந்த வகை மென்பொருளில் பட்டனுக்குள் என்ன இருக்கும் என்று ஊகிக்கலாம்: எடையைக் கொண்டுவரும் சீரியல் போர்ட்டிலிருந்து ஒரு வரி படிக்கும் ரீட்லைன், எடை நிலைக்கும்வரை ஒரு வைல் லூப், நடுவில் ஸ்லீப். ரீட்லைனுக்கு டைம்அவுட் நீங்களாகக் கொடுக்காவிட்டால் அது முடிவில்லாமல் காத்திருக்கும். எடையைக் காட்டிக் கணினிக்கு அனுப்பும் இண்டிகேட்டரின் கேபிள் கழன்றிருந்தால் விடியும்வரைகூட.

இதற்கு டூஈவன்ட்ஸ் போட்டதும் இரண்டு சீட்டு வந்தது எப்படி என்று மெதுவாகப் பார்ப்போம். லாரி ஏறுகிறது. குமாஸ்தா பட்டனை அழுத்துகிறார். முதல் கிளிக்கின் ஃபங்ஷன் லூப்புக்குள் எடை நிலைக்கக் காத்திருக்கிறது. டிரைவர் இறங்கியதில் எடை கொஞ்சம் ஆடுகிறது. குமாஸ்தாவுக்கு அவசரம், இன்னொரு முறை அழுத்துகிறார். லூப்பின் அடுத்த சுற்றில் டூஈவன்ட்ஸ் வருகிறது. அது க்யூவில் இருக்கும் மெசேஜ்களை எல்லாம் அங்கேயே எடுத்துக் கொடுக்கிறது, அந்த இரண்டாவது கிளிக் உட்பட. முதல் ஃபங்ஷன் முடியாமல் நிற்கும்போதே அதன் மேல் அதே ஃபங்ஷன் மறுபடி தொடங்குகிறது. எடை 18,240 என்று நிலைக்கிறது. மேலே இருக்கும் இரண்டாவது ஃபங்ஷன் சீட்டை அடித்துவிட்டுத் திரும்புகிறது. பிறகு கீழே இருக்கும் முதலாவது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, அதே 18,240-க்கு இன்னொரு சீட்டு அடிக்கிறது. விஷுவல் ஸ்டூடியோவில் சீட்டு அடிக்கும் வரியில் பிரேக்பாயின்ட் வைத்து, வேண்டுமென்றே இரண்டு முறை அழுத்திக் கால் ஸ்டாக்கை (முடியாமல் நிற்கும் ஃபங்ஷன்களின் பட்டியலை) பாருங்கள். ஒரே ஃபங்ஷனின் பெயர் இரண்டு தரம் இருக்கும். 18 டன் காய்க்கு இரண்டு முறை பணம் போவதற்கு முன்னால் இதைப் பார்ப்பது நல்லது.

லூப்புக்கு முன் பட்டனை முடக்கிவிட்டால் போதுமா? டூஈவன்ட்ஸ் இருக்கும்போது ஓரளவு உதவும். ஆனாலும் அந்த இடைவெளியில் யாராவது ஃபார்மை மூடலாம், மெனுவைத் திறக்கலாம். டூஈவன்ட்ஸ் இல்லாமல், முதல் வரியில் முடக்கிக் கடைசி வரியில் திறந்துவிட்டால் பயனே இல்லை. உறைந்திருந்த நேரத்தில் விழுந்த கிளிக்குகள் க்யூவிலேயே காத்திருக்கும். அவற்றை எடுக்கும்போது பட்டன் மறுபடி திறந்திருக்கும். ஆகவே டூஈவன்ட்ஸை எடுத்துவிடுங்கள், காத்திருக்கும் லூப்பையும் சேர்த்து எடுங்கள். கூடவே டேட்டாபேஸில் வண்டி வருகை எண்ணுக்கு, ஒரே எண் இரண்டு முறை பதிவாகாதபடி, யுனிக் கட்டுப்பாடு ஒன்று வைத்துவிடுங்கள். கோடில் எந்த ஓட்டை இருந்தாலும் இரண்டாவது சீட்டு அங்கே நின்றுவிடும். சீசன் நடுவில் இதைவிட மலிவான காவல் இல்லை.

லூப்புக்குப் பதில் என்ன? தகவல் வந்ததும் உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும், சீரியல் போர்ட்டின் டேட்டாரிசீவ்ட் ஈவன்ட். இது ஃபார்மின் த்ரெட்டில் வராது, வேறு த்ரெட்டில் வரும். அதற்குள் நேராக டெக்ஸ்ட் பாக்ஸைத் தொடக் கூடாது. இன்னொன்று, ஒரு ஈவன்ட்டுக்கு ஒரு முழு வரி வரும் என்று நம்பாதீர்கள். முதல் ஈவன்ட்டில் '0182' மட்டும் வரும், '40' அடுத்ததில் வரும். அப்படியே எண்ணாக மாற்றினால் 18 டன் லாரி 182 கிலோ ஆகிவிடும். வருவதை எல்லாம் ஒரு சரத்தில் சேர்த்துக்கொண்டே போய், வரி முடியும் எழுத்து வந்த பிறகு மட்டும் எடுங்கள். அந்த எழுத்து எது என்பது இண்டிகேட்டர் கையேட்டில் இருக்கும். பல இண்டிகேட்டர்கள் எடை நிலைத்ததா ஆடுகிறதா என்பதையும் அதே வரியில் அனுப்பும். உங்களுடையதும் அனுப்பினால் ஸ்லீப் போட்டு ஊகிக்கும் வேலையே மிச்சம்.

கடைசியாக வந்த எடையை ஒரு மாறியில் வைத்துவிட்டு, ஃபார்மில் 200 மில்லிவிநாடி டைமர் ஒன்று வைத்து அதைப் படித்துக் காட்டுங்கள். பட்டனை அழுத்தினால் 'சீட்டு வேண்டும்' என்று ஒரு குறி மட்டும் போட்டுப் பட்டனை முடக்கிவிட்டு ஃபங்ஷன் உடனே திரும்பிவிட வேண்டும். எடை நிலைத்ததை டைமர் பார்த்ததும் குறியை நீக்கிச் சீட்டு வேலையைத் தொடங்கட்டும்; அது முடிந்த பிறகு பட்டன் திறக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் ஃபார்முக்குத் தகவல் அனுப்பத்தான் வேண்டும் என்றால் பிகின்இன்வோக் பயன்படுத்துங்கள், இன்வோக் வேண்டாம். பிகின்இன்வோக் தகவலைப் போட்டதும் திரும்பிவிடும்; இன்வோக் ஃபார்மின் பதிலுக்குக் காத்திருக்கும். அதே நேரம் ஃபார்ம் போர்ட்டை மூடிக்கொண்டு ஈவன்ட் முடியக் காத்திருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று காவல் நிற்கும். புரோகிராமை மூடும்போது டாஸ்க் மேனேஜர் வழியாகக் கொல்ல வேண்டியிருக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான்.

இவ்வளவையும் செய்தால் காத்திருப்பு போய்விடும். ஆனால் டிஎல்எல் கணக்குப் போட்டு அச்சடிக்கும் நேரம் மிச்சமிருக்கிறது. டாஸ்க்.ரன் ஏன் கைகொடுக்கவில்லை என்பதற்கான விடையும் அங்கேதான். (இனி 'காம்' என்று சொல்லும் இடமெல்லாம் மென்பொருள் பாகத்தைச் சொல்கிறேன், காம்3 போன்ற போர்ட்டை அல்ல.)

உங்கள் விபி6 டிஎல்எல் ஒரு காம் பாகம்; வேறு வேறு மொழியில் எழுதிய பாகங்கள் ஒன்றையொன்று கூப்பிட விண்டோஸ் வைத்திருக்கும் ஏற்பாடுதான் காம். விபி6-இல் செய்த ஆப்ஜெக்ட்டுகள் எஸ்டிஏ வகை: எந்த த்ரெட்டில் பிறந்ததோ அந்த த்ரெட்டில் மட்டும்தான் அவற்றின் கோடு ஓடும். மெயின் மெத்தடின் தலையில் எஸ்டிஏத்ரெட் என்று ஒரு வரி இருக்கிறதே, அது ஃபார்மின் த்ரெட்டை இந்த வகையாக்குகிறது. நீங்கள் ஆப்ஜெக்ட்டை ஃபார்ம் லோடில் உருவாக்கியிருப்பீர்கள். டாஸ்க்.ரன் தரும் த்ரெட்டுகளோ எம்டிஏ, அந்தக் கட்டுப்பாடு இல்லாத வகை. அங்கிருந்து அந்த ஆப்ஜெக்ட்டைக் கூப்பிட்டால் காம் நேராக ஓடவிடாது. ஃபார்மின் த்ரெட்டில் அது ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத ஒரு விண்டோவை வைத்திருக்கும். கூப்பிட்டதை ஒரு மெசேஜாக்கி அந்த விண்டோவுக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்கும். ஃபார்மின் த்ரெட் அதைத் தன் க்யூவிலிருந்து எடுத்து, கணக்கையும் அச்சையும் தானே செய்யும். கூப்பிட்ட ஆள்தான் மாறினார், வேலை செய்யும் ஆள் மாறவில்லை. திரை உறையாமல் என்ன செய்யும்?

டிஎல்எல்லுக்கென்று தனி த்ரெட் வேண்டும். புது த்ரெட் ஒன்றை உருவாக்கி, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே செட்அபார்ட்மென்ட்ஸ்டேட்டில் எஸ்டிஏ என்று சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு மாற்ற முடியாது. அந்த த்ரெட்டின் ஃபங்ஷனுக்குள் டிஎல்எல் ஆப்ஜெக்ட்டை உருவாக்குங்கள், வெளியே உருவாக்கி உள்ளே கொடுக்காதீர்கள். அங்கேயே ஒரு வெறும் கன்ட்ரோலை உருவாக்கி அதன் ஹேண்டில் பிராப்பர்ட்டியை ஒருமுறை படியுங்கள். படித்தால்தான் நிஜ விண்டோ உருவாகும். கடைசியாக அப்ளிகேஷன்.ரன். இப்போது அந்த த்ரெட்டுக்கும் சொந்தமாக மெசேஜ் லூப் வந்துவிட்டது. சீட்டு வேண்டும்போது ஃபார்ம் அந்தக் கன்ட்ரோலின் பிகின்இன்வோக் வழியாக வேலையைப் போடும். முடிந்ததும் ஃபார்மின் பிகின்இன்வோக் வழியாகச் சீட்டு எண் திரும்பி வரும். வேலைகள் ஒவ்வொன்றாகத்தான் ஓடும், எண்களும் குழம்பாது. இஸ்பேக்கிரவுண்டை ட்ரூ ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஃபார்மை மூடிய பிறகும் புராசஸ் உயிரோடு இருக்கும்.

அப்ளிகேஷன்.ரன்னுக்குப் பதில் பிளாக்கிங்கலெக்ஷன் (வேலை வரும்வரை காத்திருந்து எடுத்துத் தரும் வரிசை) வைத்து லூப் ஓட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். பல நேரம் ஓடவும் செய்யும். ஆனால் எஸ்டிஏ த்ரெட் மெசேஜ்களை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது காமின் நிபந்தனை. உள்ளே டைமரோ ஈவன்ட்டோ வைத்திருக்கும் டிஎல்எல் அப்போது ஊமையாகிவிடும். சோர்ஸ் இல்லாத டிஎல்எல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முழு லூப்பே வைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய விபி6 டிஎல்எல்கள் 'பேப்பர் இல்லை' போன்ற செய்திகளை எம்எஸ்ஜிபாக்ஸில் காட்டும். தனி த்ரெட்டில் இருந்து வரும் பெட்டி உங்கள் ஃபார்முக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். சீட்டு வரவில்லை என்று குமாஸ்தா கூப்பிட்டால் முதலில் டாஸ்க்பாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எக்ஸெல் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது: தினசரி அறிக்கைக்கு எக்ஸெல்லை இயக்கவே வேண்டாம். யாராவது ஒரு செல்லைத் திருத்தும் நிலையில் விட்டுப் போயிருந்தாலோ, டயலாக் பெட்டி ஒன்று திறந்திருந்தாலோ எக்ஸெல் உங்கள் அழைப்பை மறுத்துவிடும். லாகில் 80010001 அல்லது 8001010ஏ இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஓஎல்இ மெசேஜ் ஃபில்டர் (ஐமெசேஜ்ஃபில்டர்) ஒன்றைப் பதிவு செய்து, மறுக்கப்பட்டால் இத்தனை மில்லிவிநாடி கழித்து மறுபடி கேள் என்று சொல்லலாம். 100 அல்லது அதற்கு மேல் திருப்பினால் அவ்வளவு நேரம் காத்திருந்து கேட்கும், மைனஸ் 1 திருப்பினால் கைவிடும். வின்ஃபார்ம்ஸிலும் ஐமெசேஜ்ஃபில்டர் என்ற அதே பெயரில் வேறொன்று இருக்கிறது. அது இதற்கு உதவாது. இத்தனை பாட்டுக்கும் பதிலாக குளோஸ்டுஎக்ஸ்எம்எல் போன்ற லைப்ரரியில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பை நேராக எழுதிவிடலாம். எக்ஸெல் திறக்கவே திறக்காது. டாஸ்க் மேனேஜரில் செத்தும் சாகாமல் கிடக்கும் எக்ஸெல் புராசஸ்களும் அதோடு ஒழியும்.

இப்போது எதைத் தொடலாம்? எக்ஸ்86 மாற்றம், யுனிக் கட்டுப்பாடு, லூப்பை எடுத்து டைமர் வைப்பது: இவற்றை இந்த வாரமே செய்யலாம். தனி த்ரெட்டை வரத்து ஓய்ந்த பிறகு, ஆகஸ்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அச்சடிக்கும் ஓரிரு விநாடி திரை நின்றால் நிற்கட்டும். லூப் இல்லாதபோது அது 5 விநாடியைத் தொடாது.

சோதிக்க லாரி தேவையில்லை. இண்டிகேட்டர் அனுப்பும் வரிகளை ஒரு நாள் கோப்பில் பதிந்துகொள்ளுங்கள். காம்0காம் போன்ற மென்பொருளால் கணினிக்குள்ளேயே இரண்டு சீரியல் போர்ட்டுகளை இணைத்து, ஒரு முனையில் அந்த வரிகளை அனுப்பி மறுமுனையில் உங்கள் புரோகிராமை ஓட்டுங்கள். வரிகளை நடுவில் உடைத்து அனுப்புங்கள், பாதியில் நிறுத்திப் பாருங்கள், பட்டனைக் கண்டபடி அழுத்துங்கள். புதுக் கணினியை மேடைக் கூண்டுக்குக் கொண்டுபோவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.